அப்பத்தா பார்த்த வெள்ளைக் காக்கா

எங்கள் வீட்டில் ஒரு தேதிச் சண்டை ரொம்ப நாளாக இருந்தது.

1964-ல் பர்மாவில் கடைகள் அரசுடைமை ஆன பிறகு, லட்சக்கணக்கான இந்தியர்கள் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். எங்கள் குடும்பம் கப்பல் ஏறியது 1965-ல். அதற்குப் பத்து நாள் முன்பு, அப்பாவின் கைக்குழந்தைத் தங்கை காய்ச்சலில் இறந்துபோனாள். காகிதம் எதுவும் மிஞ்சவில்லை. "ஆடி மாசம், மழை பெய்துச்சு" என்பார் பெரியப்பா. "பொங்கல் முடிஞ்ச கையோட" என்பார் அப்பத்தா. வயதாகிவிட்டது, குழப்புகிறார் என்று ஆடியிலேயே அத்தைக்குப் படைத்து வந்தோம்.

கப்பலைப் பற்றி அப்பத்தா சொன்னது ஒன்றுதான். "ஆறு கடல்ல விழுற வரைக்கும் வெள்ளைக் காக்கா கூடவே வந்துச்சுய்யா. அப்புறம் திரும்பிடுச்சு. நாமதான் திரும்பல."

சில ஆண்டுகளுக்கு முன் யாங்கோன் போனேன். பழைய ரங்கூன்தான். கியாக்டடா பகுதியில் பான்சோடான் தெரு ஆற்றைத் தொடும் இடத்தில் ஒரு படகுத்துறை இருக்கிறது. எதிர்க்கரை டலாவுக்குப் படகு அங்கிருந்துதான் கிளம்பும். நான் ஏறியது ஜனவரியில். படகு நகர்ந்ததுமே வெள்ளைப் பறவைகள் கூட்டமாகப் பின்னால் வந்தன. பிள்ளைகள் எறிந்த தீனியைப் பறந்தபடியே கவ்வின. பழுப்புத் தலைக் கடற்காகங்கள். பெயர்தான் அப்படி, குளிர்காலத்தில் தலை வெளுத்து, காதருகே ஒரு கரும்பொட்டு மட்டும் தெரியும். திபெத், லடாக் மேட்டு ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தை இங்கே கழிக்க வருபவை. தமிழ்நாட்டுக் கடற்கரைக்கும் வரும்.

ஆடியில் அவை இங்கே இருக்காது. ஆற்றின் நடுவில்தான் அது எனக்கு உறைத்தது. அப்பத்தா குழம்பவில்லை.

ஒரு பறவையை வைத்து மாதத்தைச் சொல்ல முடிகிறதென்றால், எந்தப் பறவை எப்போது எங்கே இருக்கும் என்று பலர் பல ஆண்டுகளாக எழுதிவைத்ததே காரணம். அவர்களில் ஒருவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். 1885-ல் இந்திய தேசிய காங்கிரஸைத் தொடங்கியவர்களில் முக்கியமான அதே ஹியூம்தான்! அவர் நடத்திய பறவை இதழில், நாடெங்கும் இருந்து வந்த குறிப்புகளை வெளியிட்டார்.

1873-ல் ஹியூம் புவியியலாளர்களைச் சேர்த்துக்கொண்டு அந்தமான் கடலைச் சுற்றினார். யாங்கோன் ஆறு கலக்கும் கடலில் தெற்கே போனால் கோகோ தீவுகள் வரும். அவற்றுக்கும் தெற்கே நார்கொண்டம், பேரன் என்ற இரண்டு எரிமலைத் தீவுகள். இந்தியப் புவித்தட்டு பர்மாத் தட்டுக்கு அடியில் நுழைவதால் எழுந்தவை இவை. பேரன் தீவு இன்றும் கனல்கிறது. நெடுநாள் அடங்கிக் கிடந்து 1991-ல் மறுபடி வெடித்தது. நார்கொண்டம் காடு மூடிக் கிடக்கிறது. 'நரக குண்டம்' என்பதே நார்கொண்டம் ஆனது என்றும், புகையும் பேரனுக்கு உரிய பெயர் இடம் மாறிவிட்டது என்றும் ஒரு கருத்து உண்டு.

நார்கொண்டத்தில் ஹியூம் கண்டது ஒரு சிறிய இருவாச்சி. அது உலகில் வேறெங்கும் இல்லை. தீவின் பரப்பே ஏழு சதுர கிலோமீட்டருக்குள்தான். முட்டையிடும் காலத்தில் பெட்டை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொள்ளும். சிறு துளை வழியே ஆண் பழம் ஊட்டும். அந்தக் காலத்தில் பறவை ஆய்வு என்றால் துப்பாக்கியும் சேர்ந்ததுதான். ஹியூம் சேர்த்த பறவைத் தோல்களும் முட்டைகளும் சுமார் 82,000. பின்னர் அவை லண்டன் அருங்காட்சியகத்துக்குப் போயின.

பர்மாவில் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்த யூஜின் ஓட்ஸ், 1883-ல் பர்மாப் பறவைகளுக்கென்றே ஒரு கையேடு எழுதினார். அரசு வேலை. கூடவே நோட்டில் குறிப்பு.

அதே ஆண்டுகளில்தான் நம்மவர்களும் இதே கடலைக் கடந்து ரங்கூன் போய்க்கொண்டிருந்தார்கள். 1931-ல் அந்த நகரின் நாலு லட்சம் பேரில் பாதிக்கு மேல் இந்தியர்கள். ஓர் இருவாச்சியை எந்த ஆண்டில் யார் கண்டார் என்பதற்குப் பதிவு உண்டு. எங்கள் அத்தை பிறந்ததற்கும் இறந்ததற்கும் இல்லை.

ஊர் திரும்பி எல்லாவற்றையும் பெரியப்பாவிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அம்மா சொன்னதைக் கேட்டிருக்கலாம்டா" என்றார். அப்போது அப்பத்தா இல்லை. இப்போது தை மாதத்தில் படைக்கிறோம்.

உங்கள் வீட்டிலும் கப்பலோ விமானமோ ஏறி வந்த ஒருவர் இருப்பார். எந்தத் தேதி என்று கேட்டால் தெரியாது என்பார். அன்று என்ன பூ பூத்திருந்தது, என்ன பறவை பறந்தது என்று கேளுங்கள். சொன்னதை அப்படியே எழுதிவையுங்கள்.