லென்ஸ் வேட்கையின் பெங்களூர் வரலாறு

ஒளிப்பட ஆர்வலர்கள் தம் நோய்க்குத் தாமே ஒரு பெயர் சூட்டியிருக்கிறார்கள்: ஜி.ஏ.எஸ். கையிலுள்ள கேமரா நன்றாக இயங்கிக்கொண்டிருக்கையிலேயே அடுத்த கேமராவையும் அடுத்த லென்ஸையும் வாங்கத் துடிக்கும் மனநிலையை அது குறிக்கிறது. ஆனால் அப்பெயர் ஒளிப்படத் துறையில் பிறந்ததன்று. ஸ்டீலி டேன் இசைக்குழுவின் வால்டர் பெக்கர் 1990களில் கிட்டார் இதழொன்றில் எழுதிய நகைச்சுவைக் கட்டுரையிலிருந்து வந்தது. அங்கே முதலெழுத்து கிட்டாரைக் குறித்தது. பின்னர் ‘கியர்’ என்றாகி எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாயிற்று. கடைசிச் சொல்லான ‘சிண்ட்ரோம்’ மட்டும் மாறவேயில்லை. கோளாறு வாங்குபவருக்குள்ளேதான் இருக்கிறது என்னும் தீர்ப்பை அந்த ஒற்றைச் சொல் ஓசையின்றி வழங்கிவிடுகிறது. பெங்களூரின் ஒளிப்பட வரலாற்றைப் பார்த்தால் அத்தீர்ப்பை அவ்வளவு எளிதில் ஏற்க இயலாது.

இந்தியாவில் ஆர்வலர் ஒளிப்படக்கலை ஓர் இயக்கமாகத் திரண்ட நகரங்களுள் பெங்களூர் முதன்மையானது. 1953இல் இந்திய ஒளிப்படக் கூட்டமைப்பு உருவாகக் காரணமாயிருந்த டாக்டர் ஜி. தாமஸ் இந்நகரில் வாழ்ந்தவர். காட்டுயிர் ஒளிப்படத்தில் உலகப் பெயர் பெற்ற டி. என். ஏ. பெருமாள், ஓ. சி. எட்வர்ட்ஸிடம் தொழில் கற்றதும் இங்கேதான். ஈ. அனுமந்த ராவ் இன்னொருவர். 1971இல் சி. ராஜகோபால் தொடங்கிய யூத் போட்டோகிராபிக் சொசைட்டி இளைஞர்களை இம்மரபுக்குள் கொண்டுவந்தது.

இவர்கள் இயங்கிய காலம் இறக்குமதி உரிமங்களின் காலம். 1957இன் அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பிறகு வெளிநாட்டுக் கேமரா என்பது கடையில் போய் வாங்கும் பொருளாக இல்லை. வெளிநாடு சென்று திரும்பும் உறவினரின் பெட்டியில் வரவேண்டும். இல்லையேல் கைமாறிக் கைமாறிப் பழையதாக வரவேண்டும். உள்நாட்டில் எளிதாகக் கிடைத்தது பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் III. ஒரு சுருளுக்கு 12 படங்கள், கழற்றி மாற்ற முடியாத ஒற்றை லென்ஸ். குடும்பப் படங்களுக்கு அது போதும். நூறடி தொலைவில் கிளையிலிருக்கும் மீன்கொத்திக்குப் போதாது. படச்சுருளின் தேவைக்காக அரசு 1960இல் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. உற்பத்தி தொடங்க 1967 ஆயிற்று.

அக்காலத்தவருக்கு இவ்வேட்கை இல்லை, இருந்ததைக் கொண்டு நிறைவடைந்தார்கள் என்று இன்று மூத்தோர் சொல்வதுண்டு. மா. கிருஷ்ணனின் கேமரா அக்கூற்றை மறுக்கும் சான்று. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான கிருஷ்ணன் (1912–1996), 1940களில் இன்றைய கர்நாடகத்திலுள்ள சந்தூர் சமஸ்தானத்தில் பணியாற்றி, பின்னர் சென்னைக்குத் திரும்பிக் காட்டுயிர் எழுத்தையும் ஒளிப்படத்தையும் வாழ்வாகக் கொண்டவர். வெவ்வேறு கேமராக்களின் உறுப்புகளைத் தம் தேவைக்கேற்ப இணைத்து ஒரு கனத்த கருவியை அவர் அமைத்துக்கொண்டார். அதற்கு ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று கேலியாகப் பெயரும் வைத்தார். தென்னிந்தியக் காடுகளின் யானைகள் அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்களில் அழியாமல் நிற்கின்றன. நிறைவடைந்த மனிதர் இப்படியொரு கருவியைக் கட்டமாட்டார். கடையில் தீர்த்துக்கொள்ள இயலாத வேட்கை பட்டறைக்குப் போயிற்று, அவ்வளவே.

தட்டுப்பாட்டைப் புகழ இன்னொரு தடையும் உண்டு. அதே சந்தூரின் அரச குடும்பத்தைச் சேர்ந்த எம். ஒய். கோர்படே 1970களில் கர்நாடகத்தின் நிதியமைச்சராக இருந்தவர். கறுப்பு வெள்ளைக் காட்டுயிர்ப் படங்களுக்காக உலக அளவில் மதிக்கப்பட்டவர். அவர் திறமையில் ஐயமில்லை. எனினும் அரசகுடும்பத்துப் பின்புலம் உடையவருக்கும் மாதச் சம்பளக்காரருக்கும் உரிமக் காலத்தின் கதவு ஒரே அளவில் திறந்திருக்க வழியில்லை. கிருஷ்ணனைப் போலக் கருவியைத் தாமே ஒட்டவைக்கும் கைத்திறன் எல்லோருக்கும் வாய்ப்பதுமன்று. தட்டுப்பாடு எத்தனை பேரை இக்கலைக்குள் நுழையவே விடவில்லை என்பது மன்றங்களின் ஆண்டு மலர்களில் இருக்காது.

1991இல் பொருளாதாரம் திறந்தது. இறக்குமதி மீதான அளவுக் கட்டுப்பாடுகளில் எஞ்சியிருந்த 715 வகைகளும் 2001 ஏப்ரல் 1 அன்று நீங்கின. அவ்வாண்டுகளிலேயே பெங்களூரில் மென்பொருள் சம்பளங்கள் உயர்ந்தன. 2003இல் கேனான் 300டி ஆர்வலர் எட்டக்கூடிய விலையில் டிஜிட்டல் எஸ்எல்ஆரைக் கொண்டுவந்தது. மூன்றும் ஒரே நகரில் சந்தித்தன. ரங்கன்திட்டுவும் கபினியும் வார இறுதிப் பயணத் தொலைவில் இருக்கும் நகரம் அது. உயர்தர 600 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றின் விலை மிக அதிகம் என்பதை அறிந்தும், மாதத் தவணைக் கணக்குப் போடுபவர்கள் அங்கே பெருகினார்கள்.

தேவையைத் தயாரிப்பாளர்களும் உருவாக்கினார்கள். லென்ஸ் கேமராவோடு பூட்டிக்கொள்ளும் வாயை ‘மவுண்ட்’ என்பார்கள். அதன் அளவை மாற்றினால் பழைய லென்ஸ்கள் அனைத்தும் ஒரே நாளில் அந்நியமாகிவிடும். நிக்கான் 1959இன் எஃப் மவுண்டை அறுபதாண்டுகள் நெருங்கக் காப்பாற்றியது. கேனான் 1987இல் எஃப்டியைக் கைவிட்டு இஎஃப்புக்கு மாறியது. 2018இல் இரு நிறுவனங்களும் சில வார இடைவெளியில் புதிய மவுண்டுகளை அறிவித்தன. இணைப்பு வளையங்கள் விற்கப்பட்டன என்பது உண்மை. புதிய லென்ஸ்களின் வரிசை புதிய மவுண்டுக்கே வந்தது என்பதும் உண்மை.

இதில் மொழிக்கும் பங்குண்டு. ஒளிப்பட இதழ்களில் படத்தின் கீழே கேமரா, லென்ஸ், படச்சுருள், ஒளித்துளை, வேகம் என ஒரு குறிப்பு அச்சாகும். மாணவன் கற்பதற்கென அமைந்த வடிவம் அது. 1995இல் வந்த எக்ஸிஃப் முறை அக்குறிப்பைக் கோப்புக்குள்ளேயே தானாகப் பதியச் செய்தது. பறவையின் பெயரை எடுத்தவர் எழுதினால்தான் உண்டு. கேமராவின் பெயரோ அவர் எழுதாமலேயே படத்தோடு பயணிக்கிறது. பாடக்குறிப்பு விலைச்சீட்டாக வாசிக்கப்படும் நிலை அங்கே உருவானது. சூப்பர் பாண்டெரோசாவில் எடுத்த படத்தின் கீழே எதை எழுதினாலும் அதைக் கொண்டு யாரும் கடைக்குப் போயிருக்க முடியாது.

2018க்குப் பிறகு இதே வேட்கை எதிர்பாராத ஒன்றையும் செய்துவருகிறது. புதிய மவுண்டுக்கு மாறுபவர்கள் பழைய எஃப் மவுண்ட், இஎஃப் லென்ஸ்களைக் கைகழுவுகிறார்கள். அவை பாதி விலைக்கும் கீழே பழைய பொருள் சந்தைக்கு வருகின்றன. உரிமக் காலத்தில் இப்படியொரு கீழ்நோக்கிய ஓட்டம் இருந்ததில்லை, ஏனெனில் கைவிட இரண்டாவது லென்ஸ் வைத்திருந்தவர்கள் அரிது. இன்று பெங்களூரில் கல்லூரி மாணவி ஒருத்தி தன் முதல் 300 மில்லிமீட்டர் லென்ஸோடு ரங்கன்திட்டுவில் படகேறுகிறாள் என்றால், அது பெரும்பாலும் வேறொருவரின் ‘நோய்’ விட்டுச்சென்ற லென்ஸ்.