குத்துச் சத்தமும் வெடிச் சத்தமும்: போர்த் திரைப்படங்களும் யாழ்ப்பாணத்து முன்னாள் போராளியின் கண்ணும்

ஷெல் குத்துகிற சத்தம் கேட்டால் அது வந்து விழச் சில விநாடிகள் எடுக்கும். 1980களின் நடுவில் தொடங்கி யாழ்ப்பாணக் குடாநாட்டில் சிறுபிள்ளைக்கும் தெரிந்திருந்த கணக்கு இது. அந்த இடைவெளிக்குள் பங்கருக்குள் இறங்கலாம், குழந்தையைத் தூக்கலாம், குப்புறப் படுக்கலாம். தூரத்தில் விழுந்ததென்றால் புகை முதலில் எழும், சத்தம் பிறகு வரும். ஒலி ஒரு கிலோமீற்றரைக் கடக்க ஏறக்குறைய மூன்று விநாடி வேண்டும். திரையில் இந்த இடைவெளிகள் எதுவும் கிடையாது. குத்துவதும் வெடிப்பதும் ஒரே கணத்தில் நடந்து முடிகின்றன. படம் பார்த்துக்கொண்டிருக்கும் முன்னாள் போராளி முதலில் விலகி நிற்பது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். துப்பாக்கி எந்த வகை, சீருடையின் நிறம் சரியா என்பதெல்லாம் அதற்குப் பிறகு வருகிற கேள்விகள்.

போர்ப் படங்களின் உண்மைத்தன்மையை அப்போரில் நின்றவர்கள் எப்படி எடைபோட்டார்கள் என்பதை ஆராய்வதில் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்காவில் 1998இல் ‘சேவிங் பிரைவேட் ரயன்’ வெளியானபோது, அதன் ஒமாகா கடற்கரைக் காட்சியால் மனம் குலையக்கூடிய பழைய படையினருக்காக அரசே இலவசத் தொலைபேசிச் சேவை ஒன்றைத் திறந்தது. அங்கே படைவீரரின் கருத்துக்குப் பொது மதிப்பு இருந்தது. 2009க்குப் பின் இலங்கையில் ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் ‘புனர்வாழ்வு’ பெற்று வெளியே வந்ததாக அரசு சொல்கிறது. குடாநாட்டில் வாழும் அவர்களில் எவர், போர்ப் படமொன்றைப் பார்த்துவிட்டு ‘நாங்கள் நின்ற இடம் இப்படி இருக்கவில்லை’ என்று மேடையேறிச் சொல்வார்? ஆகவே சான்றுகளை வேறிடத்தில் தேட வேண்டும். போராளிகளே எடுத்த படங்களில், நடித்த வேடங்களில், எல்லாவற்றுக்கும் மேலாக எழுதிய நூல்களில் அவை கிடைக்கின்றன. யாழ்ப்பாணத்துப் போராளியின் திரை விமர்சனம் பெரும்பாலும் புனைகதையாகவே எழுதப்பட்டது என்பது இக்கட்டுரையின் வாதம்.

கதை தொடங்குவது ஒரு பெயரில். 1980களின் நடுப்பகுதியில் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ஒளிபரப்புக்கு ‘நிதர்சனம்’ என்று பெயர் வைத்தார்கள். கண்முன் உள்ள உண்மை என்பது அதன் பொருள். உண்மையைத் தன் பெயரிலேயே உரிமை கொண்டாடிய அந்த நிலையத்தை இந்திய அமைதிப்படை 1987 ஒக்டோபரில் முடக்கியது. ‘ஈழமுரசு’, ‘முரசொலி’ நாளிதழ்களின் அச்சகங்கள் தகர்க்கப்பட்டதும் அதே நாட்களில்தான். ஒளிபரப்பு நின்றாலும் கமரா நிற்கவில்லை. துவக்கோடு ஒருவன் போனால் கமராவோடு இன்னொருவன் போவது இயக்கத்தின் வழக்கமாயிற்று. கமராவோடு போனவர்களும் களத்தில் செத்தார்கள். அவர்கள் எடுத்தவை ‘ஒளிவீச்சு’ போன்ற தொகுப்புகளாக மக்களிடம் வந்தன.

இயக்கத்துக்குள் படம் பார்ப்பதற்கு இன்னொரு முகமும் இருந்தது. வெளிநாட்டுப் போர்ப் படங்கள் தமிழில் குரல் மாற்றப்பட்டு முகாம்களில் காட்டப்பட்டன. தலைவர் பிரபாகரனுக்கு ஆங்கிலச் சண்டைப் படங்களில் இருந்த ஈடுபாடு பலரும் எழுதிய விடயம். இந்தப் பார்வையாளனுக்குப் படம் ஒரு பாடப்புத்தகம். எங்கே மறைப்பு எடுக்கிறான், காயப்பட்டவனை எப்படி இழுத்து வருகிறான் என்பதே அவன் பார்ப்பது. கைக்கு உதவுவது உண்மை, உதவாதது கதை. ஆனால் அதே அளவுகோலை நிதர்சனத்தின் மீது வைத்தால் அதுவும் முழுதாகத் தேறாது. காட்டப்பட்ட வெடிப்பு உண்மை, ஓடியவன் உண்மை. பின்னணியில் எழும் பாட்டு எந்தக் காவலரணிலும் கேட்டதில்லை. பின்வாங்கிய இரவுகளுக்கு அத்தொகுப்புகளில் இடம் அரிது. நடந்ததைப் படம்பிடித்தாலே நடந்தது முழுவதும் வந்துவிடாது என்பதற்கு இதைவிட நெருக்கமான உதாரணம் நமக்கு வேண்டியதில்லை.

குடாநாட்டு மக்கள் கூட்டாக வெளியேறிய 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வு திரையையும் இரண்டாக்கியது. இயக்கத்தின் படப்பிரிவு வன்னிக்குப் போயிற்று. ஆமியின் கட்டுப்பாட்டுக்குள் வந்த குடாநாட்டில் இந்தியப் படங்களே மிஞ்சின. யாழ் நகரின் சிறீதர் படமாளிகை முன்னாள் ஆயுத இயக்கமான ஈபிடிபியின் அலுவலகமாகிப் பல ஆண்டுகள் அப்படியே இருந்தது. நகரின் திரைப்பட வரலாற்றை எழுதப்போகிறவர் அதை எந்த அத்தியாயத்தில் சேர்ப்பாரோ தெரியாது.

2002 பெப்ரவரிப் போர்நிறுத்தம் பாதையைத் திறந்ததும் தமிழ்நாட்டுக் கலைஞர்கள் வன்னிக்கு வந்தார்கள். ஜோன் மகேந்திரனின் ‘ஆணிவேர்’ 2006இல் ஈழ மண்ணிலேயே எடுக்கப்பட்டு வந்தது. அதற்கடுத்த ‘எல்லாளன்’ இந்த வரலாற்றின் உச்சம். 2007 ஒக்டோபர் 22இல் புலிகளின் தற்கொலைப் படையினரான 21 கரும்புலிகள் அனுராதபுர விமானத்தளத்தைத் தாக்கிய சம்பவத்தைப் போராளிகளே நடித்தார்கள். வன்னியில் போர் நெருங்கிக்கொண்டிருந்தபோது படப்பிடிப்பு நடந்தது. புலம்பெயர் நாடுகளில் படம் திரைக்கு வந்தபோது போர் முடிந்திருந்தது. நடித்தவர்களில் பலர் அப்போது உயிரோடு இல்லை. அமெரிக்கப் படைவீரன் ஓடி மர்ஃபி 1955இல் ‘டு ஹெல் அண்ட் பேக்’ படத்தில் தன்னையே நடித்தான். பிழைத்து வந்தவன் தன் நினைவை நடித்த படம் அது. ‘எல்லாளன்’ நடிகர்கள் செத்துப்போன தோழர்களை நடித்துவிட்டுத் தாமும் சாகப் போனவர்கள். இதை உண்மைத்தன்மை என்ற சொல்லால் அளக்க முடியுமா என்று எனக்குத் தயக்கம் உண்டு.

இந்தியப் படங்களில் நம்மவர் முதலில் பிடிப்பது துவக்கை அல்ல, நாக்கை. ‘தெனாலி’ 2000இல் வந்ததிலிருந்து யாழ்ப்பாணத் தமிழ் என்றால் இழுத்துப் பேசும் ஒரு சிரிப்புக் குரல் என்று ஆகிவிட்டது. மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ 2002இல் மாங்குளத்துக்குக் கதையைக் கொண்டுவந்தது. ‘மெட்ராஸ் கஃபே’ 2013இல் அமைதிப்படைக் காலத்து யாழ்ப்பாணத்தை இந்தியில் பேசவைத்தது. தமிழ்நாட்டில் அது திரையிடப்படவேயில்லை. இலங்கையின் தெற்கில் ஒரு முன்னாள் கடற்படை அதிகாரி, சரத் வீரசேகர, 2011இல் ‘காமணி’யை இயக்கினார். களம் கண்டவர் கமராவைக் கையில் எடுத்தால் உண்மை தானாக வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் நிதர்சனத்தையும் ‘காமணி’யையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம். இரண்டிலும் எதிரிக்கு முகம் கிடையாது.

இனி நூல்களுக்கு வருவோம். மலரவன் எழுதிய ‘போர் உலா’ 1990 மாங்குள முகாம் தாக்குதலுக்குப் போன பயணத்தின் பதிவு. அவர் 1992 நவம்பரில் பலாலிப் பகுதித் தாக்குதலில் இருபது வயதில் இறந்தார். தாக்குதலைச் சொல்லும் நூலென்று எடுத்தால், பெரும்பகுதி போய்ச் சேர்வதிலேயே கழிகிறது. சாமான் சுமப்பது, காட்டுப் பாதை, களைப்பு, வழியில் கண்ட ஏழைக் குடும்பங்கள். இது இயக்கத்துக்குள்ளிருந்து, இயக்கம் வெளியிட்ட நூல். அப்படியிருந்தும் நிதர்சனத்தின் கமரா வெட்டியெறிந்திருக்கக்கூடிய நேரத்தையெல்லாம் இது பொறுக்கி வைத்திருக்கிறது. போரில் பெரும்பாலான நேரம் காத்திருப்பும் சுமப்பும்தான் என்பது எந்த நாட்டுப் படைவீரனும் சொல்வது. படத்தொகுப்பாளர் முதலில் கைவைப்பதும் அதில்தான்.

மறைக்கப்பட்ட மற்றப் பகுதி இன்னும் முன்னரே எழுதப்பட்டுவிட்டது. புளொட் இயக்கத்திலிருந்து விலகிய கோவிந்தன் 1985இல் எழுதிய ‘புதியதோர் உலகம்’ இயக்கம் தன் ஆட்களையே சித்திரவதை செய்து கொன்றதைச் சொல்கிறது. இரு தரப்பும் நேருக்கு நேர் சுடும் போர்ப் படத்தின் வடிவத்துக்குள் அந்த அனுபவம் அடங்காது. குணா கவியழகனின் ‘நஞ்சுண்டகாடு’ நாவல் பயிற்சி முகாமிலேயே தங்கிவிடுகிறது. கண்ணையும் கையையும் போரில் இழந்த வெற்றிச்செல்வியின் எழுத்தில், போர் காயப்பட்ட உடம்போடு வாழும் நாட்களாக நீள்கிறது. ஒருவரோடொருவர் உடன்படாத இந்த எழுத்தாளர்கள் ஒரு விடயத்தில் ஒன்றுபடுகிறார்கள்: வெடி இவர்களின் பக்கங்களில் குறைவு.

திரை இதை மெதுவாகவே கற்றுக்கொண்டது. அசோக ஹந்தகமவின் ‘இனி அவன்’ (2012) யாழ்ப்பாணத்தில் தமிழில் எடுக்கப்பட்டது. ஊருக்குத் திரும்பிய முன்னாள் போராளியை அயலவர் பார்க்கும் பார்வையே அதன் போர்க்களம். ஜூட் ரட்ணத்தின் ‘டீமன்ஸ் இன் பரடைஸ்’ ஆவணப்படத்தில் வேறு இயக்கங்களில் இருந்தவர்கள் வயதான முகத்தோடு இருந்து கதைக்கிறார்கள். 2017இல் கான் விழாவுக்குப் போன அந்தப் படம் அடுத்த ஆண்டு யாழ்ப்பாணத் திரைப்பட விழாவில் காட்டப்பட இருந்து, எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. துவக்கில்லாமல் பேசும் முன்னாள் போராளிக்குத்தான் ஊர் கூடுதலாக அஞ்சியது போலும்.

கடைசியாக ‘தீபன்’. ஜாக் ஓடியார் இயக்கி 2015இல் கானில் தங்கப்பனை பெற்றது. தீபனாக நடித்தவர் அல்லைப்பிட்டியில் பிறந்து, பதின்ம வயதில் புலிகளோடு சேர்ந்து, 1986இல் விலகிய ஷோபாசக்தி. படத்தில் பாதியளவு தன் வாழ்க்கை என்று அவர் சொல்லியிருக்கிறார். பாரிஸ் புறநகர் அடுக்குமாடியில் தீபன் மறுபடி ஆயுதம் தூக்கும் முடிவு எனக்கு ஒட்டவில்லை. பிரெஞ்சுப் படத்துக்குத் தேவைப்பட்ட வெடி அது. ‘கொரில்லா’ நாவலை அகதி விண்ணப்பத்தின் வடிவில் தொடங்கிய எழுத்தாளர் அந்த இடத்துக்குப் போயிருப்பாரா என்பது ஐயம். ஆனால் தொடக்கக் காட்சி வேறு. தீபன் இறந்த தோழர்களின் உடல்கள் மேல் ஓலைகளை அடுக்கித் தீ வைக்கிறான், சீருடையைக் கழற்றி அதே தீயில் போடுகிறான்.

களத்தில் நின்ற ஒருவர் இதில் பிழை பிடிக்கலாம். 1990களின் தொடக்கத்திலிருந்து புலிகள் தங்கள் வித்துடல்களை எரிப்பதை விட்டு மாவீரர் துயிலும் இல்லங்களில் புதைத்தார்கள். 2009இன் கடைசி நாட்களில் துயிலும் இல்லமும் இல்லை, குழி தோண்ட நேரமும் இல்லை என்று அதற்கு மறுமொழி சொல்லலாம். எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. காட்சியை அமைத்தவர் ஓடியார்தான். ஆனால் அந்த ஓலைகளை அடுக்கிய கைகளுக்குரியவர் இயக்கத்தில் இருந்த நாட்களில், செத்த பெடியளை எரித்துத்தான் அனுப்பினார்கள்.