விதைக்கடன்

காரங்காடு கடலை நம்பி வாழும் ஊர். அதன் அலையாத்திக் காடுகளுக்கு அப்பால், கண்மாய் நீரையும் வடகிழக்குப் பருவமழையையும் நம்பித் திருவாடானை வட்டத்து நெல்வயல்கள் விரிந்து கிடக்கின்றன. உமணர் உப்பைக் கொடுத்து நெல்லைப் பெற்றதைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. மீனும் கருவாடும் சுமந்து சென்ற நெய்தல் நிலப் பெண்கள் நெல்லோடு வீடு திரும்பியது அம்மரபின் தொடர்ச்சியே. ஆகவே, உழவரின் விதைநெல் யார் கையில் உள்ளது என்னும் கேள்வி கடற்கரையில் வாழும் நம்மையும் சார்ந்ததாகும்.

விதையைப் பற்றிய வருத்தமான வரலாறு ஒன்று தொடக்கநூலின் 47ஆம் அதிகாரத்தில் உள்ளது. மறையுரைகளில் அதிகம் பேசப்படாத பகுதி அது. பஞ்சம் முற்றிய எகிப்தில் மக்கள் முதலில் பணத்தையும், பின்னர் கால்நடைகளையும், இறுதியில் நிலத்தையும் தங்களையுமே கொடுத்து உணவு பெற்றனர். யோசேப்பு அவர்களுக்கு விதை வழங்கி, விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு பார்வோனுக்கு உரியது என விதித்தார். மக்கள் உயிர் பிழைத்தனர். ஆனால் பார்வோனின் அடிமைகளாயினர்.

நம் நாட்டிலும் பசியைப் போக்க விதை வந்தது. 1966இல் வெளியிடப்பட்ட ஐ.ஆர். 8 முதலான குட்டை ரக நெல்கள் விளைச்சலைப் பெருக்கின. பஞ்ச அச்சத்தைத் தணித்தன. அந்நன்மையை மறுப்பது நன்றியின்மை. ஆயினும், வீட்டுக் குதிரில் இருந்த விதைநெல் மெல்லக் கடைக்கு இடம் மாறிற்று. உரமும் பூச்சிக்கொல்லியும் உடன் வந்தன. அவற்றை வாங்கக் கடனும் வந்தது. சிறு உழவர் தம் விதைக்கே பிறர் கையை எதிர்பார்க்கும் நிலை உருவாயிற்று.

இந்நிலையை மாற்ற எழுந்த முயற்சிகளுள் ஒன்றே நெல் திருவிழா. இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வாரின் வழி நின்ற நெல் ஜெயராமன், 2006இல் திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் இதனைத் தொடங்கினார். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார், உவர்நிலத்தைத் தாங்கும் எனப் பெயர் பெற்ற களர்பாலை முதலிய மரபு நெல்கள் அங்கே உழவர் கைகளுக்கு வந்தன. நம் இராமநாதபுரச் சீமையின் சித்திரைக்காரும் அம்மரபைச் சேர்ந்ததே. நம்மாழ்வார் 2013 டிசம்பரிலும், ஜெயராமன் 2018 டிசம்பரிலும் மறைந்தனர். ஜெயராமன் மீட்டெடுத்த நெல் வகைகள் 174.

அவ்விழாவின் விதி எளியது. வரும் உழவருக்கு இரண்டு கிலோ விதைநெல் இலவசமாக வழங்கப்படும். மறு ஆண்டு அவர் நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். வாங்கியதைப் போல் இருமடங்கு திருப்பித் தருவது மேலோட்டமாக நோக்கினால் கடுமையாகத் தோன்றலாம். ஆனால் அந்த நான்கு கிலோ எந்தக் களஞ்சியத்தையும் நிரப்புவதில்லை; அடுத்து வரும் உழவர்களின் வயலுக்கே செல்கிறது. பார்வோனின் விதை மக்களை ஒருவருக்கு அடிமையாக்கிற்று. இவ்விதையோ முன்பின் அறியாத உழவர்களை உறவினராக்குகிறது.

விதை பரவினால் மட்டும் போதாது. மரபு நெல்லை விளைவிப்போருக்கு அதை வாங்கி உண்போர் வேண்டும். இல்லையேல் அடுத்த ஆண்டு அவர்கள் அதைக் கைவிட நேரிடும். சிறு உழவர்களின் பல்வேறு வேளாண் முறைகளே உலக மக்களுள் பெரும்பாலோருக்கு உணவளிக்கின்றன என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட தம் சுற்றுமடலில் நினைவூட்டினார். நம் பங்குத் திருவிழாக்களில் அசனத்திற்கு ஏறும் உலையில் நம் வட்டத்து உழவரின் அரிசி ஒரு மரக்காலேனும் இருக்கட்டும். பொங்கல் நாளில் நாம் பீடத்தருகே வைக்கும் புது நெல், எவர் வயலில் விளைந்தது என்று பெயர் சொல்லத்தக்கதாக இருக்கட்டும்.

தொடக்கநூலின் அதே அதிகாரம் இன்னொரு செய்தியையும் கூறுகிறது. யோசேப்பு குருக்களின் நிலத்தை மட்டும் வாங்கவில்லை. பார்வோன் அளித்த படியை உண்டு அவர்கள் தம் நிலத்தைக் காத்துக்கொண்டனர். மக்கள் நிலம் இழந்தபோது அவர்கள் வாய் திறந்ததாக அங்கே ஒரு சொல்லும் இல்லை. அருள்பணி ஏற்ற நாங்கள் அடிக்கடி வாசிக்க வேண்டிய பகுதி அது.