பாண்டியன் நெஞ்சும் பழவேற்காட்டுக் கல்லறையும்

சென்னைக்கு வடக்கே, உப்பேரியின் கரையில் அமைந்த பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. அதன் வாயிலில் காவலர்போல் நிற்பவை இரண்டு எலும்புக்கூடுகள்; கல்லில் செதுக்கப்பட்டவை. உள்ளே, கடல் கடந்து வந்து மாண்டவர்தம் பெயர்களும் குலச் சின்னங்களும் கற்பலகைகளில் அழகுற வெட்டப்பட்டுள்ளன. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக வீசும் உப்புக்காற்றும் அவற்றை அழித்துவிடவில்லை.

அந்தக் கற்களில் இடம்பெறாத பெயர்கள் எத்தனை? எண்ணிப் பார்த்தோமா, தோழர்களே?

1610இல் விசயநகர மன்னன் வேங்கடபதியின் இசைவோடு இங்கே காலூன்றினர் ஒல்லாந்தர். 1613இல் கெல்திரியாக் கோட்டை எழுந்தது. துணி வாங்கினர்; வெடிமருந்து செய்தனர். அத்துடன் நின்றனரா? இல்லை. மனிதரையும் வாங்கினர். 1621இல் பாந்தா தீவுகளை ஒல்லாந்தர் வென்றபோது, அத்தீவு மக்களுள் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர் அல்லது துரத்தப்பட்டனர். சாதிக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். புதிதாய் எழுந்த பத்தேவியா நகருக்கும் ஆள் வேண்டும். இங்கோ பஞ்சமும் போரும். பசித்தவன் தன்னையே விற்றான். பெற்றவள் பிள்ளையை விற்றாள். 1622, 1623 ஆகிய ஆண்டுகளில் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து 1900 பேர் கப்பலேற்றப்பட்டனர். 1646ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து பத்தேவியா சென்றோர் 2118 பேர்.

ஏற்றி அனுப்பிய அதிகாரிகள் வருந்தினரா? வருந்தத்தான் செய்தனர்! பணம் மட்டும் கையில் இருந்திருந்தால் இன்னும் 2000 பேரை வாங்கியிருக்கலாமே என்று குறித்தனர். அந்த வணிகப் பதிவில் பொறிக்கப்பட்ட வருத்தம் அதுதான்.

மனச்சான்று என்பது ஆண்டவன் ஒவ்வொரு மனிதன் நெஞ்சிலும் ஏற்றிவைத்த விளக்கு என்பர் மதவாதிகள். அப்படியாயின் அந்த விளக்கு கெல்திரியாக் கோட்டைக்குள் ஏன் எரியவில்லை? இக்கேள்விக்கு விடை காண வேத நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. நம் சிலப்பதிகாரத்தைப் புரட்டுவோம்.

கோவலன் கொலையுண்ட செய்தியில் மூவர் நெஞ்சங்களை இளங்கோ நமக்குக் காட்டுகிறார். ஒருவன் பொற்கொல்லன், சிலம்பைத் தானே திருடி, பழியைப் பிறன்மேல் போட்டவன். அவன் வருந்தினான் என்று காப்பியம் ஓரிடத்தும் கூறவில்லை. இன்னொருத்தி மாதரி, ஆயர்குலப் பெண். அவள் செய்த குற்றம் யாது? யாதுமில்லை. அடைக்கலமாக வந்தோரைக் காக்க முடியவில்லையே என்ற ஏக்கத்தால் தீயில் வீழ்ந்து மாய்ந்தாள். மனச்சான்று பிறவியோடு வருவதாயின், குற்றம் புரிந்தவன் குலையாமல் நிற்க, குற்றமற்றவள் தீயில் வீழ்வானேன்?

மூன்றாமவன் பாண்டியன் நெடுஞ்செழியன். அரசியின் ஊடலைத் தீர்க்கும் விரைவில், ஆராயாமல் ஆணையிட்டவன். கோவலனின் உயிர் பிரிந்தபோது அவன் நெஞ்சு அவனைக் குத்தியதா? இல்லை. தான் செய்தது நீதியே என்று நம்பி அரியணையில் அமர்ந்திருந்தான். அவன் நெஞ்சை எழுப்பியது எது? தெய்வமா? அன்று. வாயிலில் வந்து நின்ற ஒரு பெண். அவள் கேட்ட கேள்வி. உடைந்த சிலம்பிலிருந்து தெறித்த மாணிக்கப் பரல். தன் அரசியின் சிலம்பில் இருப்பது முத்து. இவள் சிலம்பிலோ மாணிக்கம். சான்று கண்முன் நின்றது. கேள்வி செவியில் விழுந்தது. அப்போதுதான் அவன் நெஞ்சு விழித்தது. விழித்த நெஞ்சு அவனை வாழவிடவில்லை.

இங்கே நாம் மறக்கத்தகாத ஒன்றுண்டு. கண்ணகியை வாயிற்காவலன் துரத்தவில்லை. மன்னன் அவளை உள்ளே அழைத்தான். கேட்க ஒருத்தி வந்தாள். கேட்பதற்குக் கதவு திறந்தது. இவ்விரண்டும் இன்றேல் நெடுஞ்செழியனும் நீதிமான் என்ற பெயரோடு முதுமை எய்தி மாண்டிருப்பான்.

இப்போது பழவேற்காட்டுக்குத் திரும்புவோம். கப்பலில் ஏற்றப்பட்ட தாய், பத்தேவியாவிலிருந்து மீண்டு வந்து கோட்டை வாயிலில் நின்று, "என் மகன் எங்கே?" என்று கேட்க முடியுமா? அவள் கையில் சிலம்பு ஏது? அவளுக்காகத் திறக்கும் கதவு ஏது? கேள்வி கேட்கக் கூடியவரைக் கடலுக்கு அப்பால் தள்ளிவிட்டால் மனச்சான்றுக்கு வேலையே இல்லை!

1632 முதல் 1642 வரை பழவேற்காட்டில் சமயகுருவாக இருந்தவர் ஆபிரகாம் ரோஜெரியஸ். பத்மநாபன் என்னும் பார்ப்பனரிடம் கேட்டறிந்து, இந்நாட்டு மக்களின் வழிபாட்டையும் வழக்கங்களையும் நூலாக எழுதினார். அவர் மறைந்த பின், 1651இல் லெய்டன் நகரில் அது வெளிவந்தது. மறைந்து கிடக்கும் பிற சமயத்துக்குத் திறந்த வாயில் என்பது போன்றதொரு பெயர் அதற்கு. குருவும் பார்ப்பனரும் சேர்ந்து சமயத்தின் வாயிலைத் திறந்தனர். அடிமைக்கு அதனால் எந்த வாயில் திறந்தது? வேதம் ஓதுவதும் ஆள் விற்பதும் ஒரே கோட்டையின் நிழலில் நடந்தன.

வெள்ளையன்மீது மட்டும் பழிபோட்டு நாம் விலகிக்கொள்ளவும் முடியாது. ஆள் பிடித்துக் கொடுத்த தரகர் இந்நாட்டவர். அதற்கும் முன்னே, பஞ்சத்தில் வாடியோர் தம்மையும் தம் மக்களையும் கோயிலுக்கு விற்றுக்கொண்டதைச் சோழர் காலக் கல்வெட்டுகள் பேசுகின்றன. பசித்தவனுக்குச் சோறிட வேண்டிய கோயில், அவனை விலைக்கு வாங்கிக் கல்லிலும் பொறித்துக்கொண்டது!

ஒல்லாந்து நாட்டின் நெஞ்சு எப்போது அசைந்தது? கிழக்கிந்தியத் தீவுகளில் தாம் அதிகாரியாக இருந்தபோது கண்ட கொடுமைகளை, 'மூல்தாதூலி' என்ற புனைபெயரில் 'மாக்ஸ் ஹாவெலார்' என்னும் புதினமாக எழுதினார் எடுவார்ட் டவ்வெஸ் டெக்கர். அது வெளிவந்தது 1860இல். ஆட்சியை எதிர்த்து நிற்கும் அதிகாரி ஒருவனே அதன் தலைவன். வர முடியாத கண்ணகிக்காக எழுத்தாளன் ஒருவன் சிலம்பை ஏந்தி வந்தான்! அதே ஆண்டில்தான் அத்தீவுகளில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. எனினும் அந்த அரசு வாய்திறந்து மன்னிப்புக் கேட்டது 2022 டிசம்பரில். அந்நாட்டு மன்னர் கேட்டது 2023 சூலையில். முதற்கப்பல் புறப்பட்டு ஏறத்தாழ நானூறு ஆண்டுகள்! அந்த மன்னிப்பும் தானே கனிந்து விழுந்த கனியன்று. அடிமைகளின் வழித்தோன்றல்கள் ஆண்டுக்கணக்கில் நின்று கேட்டதால் பிறந்தது.

வருந்தினால் மட்டும் போதுமா? அதுவும் போதாது. சிலப்பதிகாரத்திலேயே அதற்கும் சான்று உண்டு. நெடுஞ்செழியனுக்குப் பின் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், நாட்டைப் பிடித்த துயர் தீர, பொற்கொல்லர் ஆயிரவரைக் கண்ணகிக்குப் பலியிட்டான் என்கிறது காப்பியம். ஒருவன் செய்த குற்றத்துக்கு அவன் தொழில் செய்த ஆயிரம் பேர் தலை கொடுத்தனர். என்னே கொடுமை! முன்னவன் சான்றைப் பார்த்தான். தன்னையே குற்றவாளி என்றான். பின்னவன் தெய்வத்தைப் பார்த்தான். பிறரைக் குற்றவாளி ஆக்கினான். குற்றவுணர்வு பகுத்தறிவின் கையில் இருந்தால் நீதியாகும். பூசாரியின் கையில் சிக்கினால் பரிகாரமாகும். பரிகாரம் புதியதொரு பழியையே பெறும்.

கல்லறைத் தோட்டத்துக்கு அருகிலேயே ஏரி விரிந்து கிடக்கிறது. அங்கே மீனவக் குப்பங்களில் 'பாடு' என்றொரு முறை வழிவழியாக வந்துள்ளது. எந்த நாளில் எவர் எந்த இடத்தில் வலையிடலாம் என்பதை முறைவைத்துப் பங்கிடுவர். முறை தவறினவன் ஊர்க்கூட்டத்தின் முன் விடை சொல்லியாக வேண்டும். எழுதாத சட்டம், ஆயினும் ஏழையும் தன் பங்கைக் கேட்க வழி செய்த சட்டம். போற்றுகிறோம். ஆனால் அந்தப் பாட்டுரிமை பிறந்த குலத்தைப் பார்த்து, ஆடவர்க்கே வந்த உரிமை. ஏரிச் சேற்றில் கையால் இறால் தடவும் இருளர் பெண்ணுக்கு அந்தக் கூட்டத்தில் கேட்க இடம் உண்டா? வட்டத்துக்குள் நீதி, வட்டத்துக்கு வெளியே மௌனம். கெல்திரியாவின் கொடுமை எங்கே, குப்பத்தின் வழக்கம் எங்கே! இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் பாடம் ஒன்றே: கேள்வி கேட்கும் உரிமை எதுவரை செல்கிறதோ, மனச்சான்றும் அதுவரைதான் செல்லும்.

ஆகவே, இளைஞர்களே, "அவனுக்கு மனச்சான்றே இல்லையா?" என்று அங்கலாய்த்து அமர்ந்திருப்பதில் பயனில்லை. ஊர்க்கூட்டத்தில் எவர் பேச அனுமதி இல்லையோ, அவரை முன்னே நிறுத்துங்கள். சான்றைத் தேடுங்கள், சிலம்பை உடைத்துக் காட்டுங்கள். பழவேற்காட்டுக்குச் செல்வோர் அந்த எலும்புக்கூடுகளைக் கண்டு வியந்து திரும்பிவிட வேண்டா. வாயிலைக் கடந்து, கற்களில் உள்ள பெயர்களைப் படியுங்கள். பிறகு ஏரியின் முகத்துவாரம்வரை நடந்து சென்று, கல்லில்லாது போனவர்களையும் ஒருமுறை நினையுங்கள். அவர்களுக்காகக் கேட்பதற்கு இன்று நாம்தாம் இருக்கிறோம்.