காத்திருக்கும் காலத்தில் ஸ்டீரொய்ட் களிம்பு: பெண்கள் அறிந்திருக்க வேண்டியவை

சம்பூரிலிருந்து மூதூர் ஆதார வைத்தியசாலைக்குப் போய்வர ஒரு காலைப்பொழுது வேண்டும். அங்கிருந்து நிபுணரைப் பார்க்கத் திருகோணமலைக்கு அனுப்பினால் அன்றைய நாள் முழுவதும் போய்விடும். கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது ஒரு நாள் வருமானம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் முன்னர் இந்தப் பயணம் படகையும் பாதையையும் நம்பியிருந்தது.

2006 ஏப்ரலில் குண்டுவீச்சுக்குத் தப்பி வெளியேறிய சம்பூர் மக்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் பல ஆண்டுகள் இருந்தார்கள். காணிகள் விடுவிக்கப்பட்டது 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான். தண்ணீருக்கும் மலசலகூடத்துக்கும் வரிசையில் நிற்கும் வாழ்க்கையில், மறைவிடத்தில் வரும் கடியையும் எரிவையும் யாரிடமும் சொல்லாமல் தள்ளிப்போடுவதே வழக்கமாகிவிடும். ஊர் திரும்பிய பிறகும் அந்த வழக்கம் எளிதில் போவதில்லை. பாமசியில் “தோலுக்குப் பூசுகிற கிறீம்” என்று கேட்டு வாங்கிக்கொண்டு வருவதோடு பலருக்கு வைத்தியம் முடிந்துவிடுகிறது.

அந்தக் களிம்பு பெரும்பாலும் ஸ்டீரொய்ட் கலந்ததாக இருக்கும். அது கடியை அடக்கும். ஆனால் கடி எதனால் வந்தது என்பதைச் சொல்லாது. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் கிளினிக் திகதி வரும்வரை அதைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தலாம்.

ஒரே கடி, பல காரணங்கள்

பெண்ணுறுப்பின் வெளிப்பகுதியில், அதாவது யோனிமடலில், மாதக்கணக்கில் நீடிக்கும் அழற்சிக்குக் காரணங்கள் பல.

பங்கசுத் தொற்று பொதுவான ஒன்று. தயிர்போன்ற வெள்ளைபடுதலும் சிவப்பும் கடியும் இருக்கும். அது திரும்பத் திரும்ப வந்தால் இரத்தத்தில் சீனியின் அளவைப் பார்க்க வேண்டும். நீரிழிவு இருப்பது இப்படித்தான் சிலருக்கு முதலில் தெரியவருகிறது.

சவர்க்காரம், டெற்றோல், வாசனை சேர்த்த பாட் போன்றவை ஒத்துக்கொள்ளாமல் வரும் எக்ஸிமா இன்னொன்று. மாதவிடாய் நின்றபின் தோல் மெலிந்து வறண்டு எரிவதும் உண்டு.

கவனிக்க வேண்டிய மற்றொன்று லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்னும் தோல் நோய். தோல் வெள்ளையாக, மெல்லிய கடதாசிபோல் சுருங்கும். இரவில் கடி கூடும். தோல் வெடிக்கும். கவனிக்காமல் விட்டால் உள்ளிதழ்கள் சுருங்கி ஒட்டிக்கொள்ளலாம், வாசல் ஒடுங்கலாம். சிறுபகுதியினருக்கு, அதாவது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவானவர்களுக்கு, அந்த இடத்தில் புற்றுநோய் வரக்கூடும். ஒழுங்கான சிகிச்சை இந்த ஆபத்தைக் குறைக்கிறது.

இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதல்ல. பாலுறவால் வருவதுமல்ல. கணவரை இழந்த பெண்களுக்கும், திருமணமாகாதவர்களுக்கும், சிறுமிகளுக்கும்கூட வரும். “ஊர் என்ன நினைக்கும்” என்ற பயத்தில் வைத்தியரிடம் போகாமல் இருப்பவர்கள் இதை முதலில் அறிய வேண்டும்.

எப்போது உதவும், எப்போது கெடுக்கும்

எக்ஸிமாவுக்கும் லைக்கன் ஸ்கிளிரோசஸுக்கும் ஸ்டீரொய்ட் களிம்புதான் சரியான மருந்து. பங்கசு, ஹேர்பீஸ், சொறிச்சிரங்கு ஆகியவற்றுக்கு அதைத் தனியாகப் பூசினால் முதல் சில நாள் சுகமாக இருக்கும். பின்னர் தொற்று பரவும், அடையாளமும் மாறிவிடும். பார்க்கும் வைத்தியருக்கே எது நோய், எது மருந்தின் விளைவு என்று பிரித்தறிவது கடினமாகும்.

பலத்திலும் வேறுபாடு உண்டு. 1 சதவீத ஹைட்ரோகோர்ட்டிசோன் மென்மையானது. பெட்னோவேட் என்று பலருக்குத் தெரிந்த 0.1 சதவீத பீட்டாமெதசோன் வலுவானது. டெர்மோவேட் போன்ற 0.05 சதவீத குளோபெட்டசோல் மிக வலுவானது. முகத்துக்கோ கால் சிரங்குக்கோ வீட்டில் ஒருவருக்குக் கொடுத்த குழாயை மற்றவர் எடுத்துப் பூசக்கூடாது. ஸ்டீரொய்ட், அன்ரிபயோட்டிக், பங்கசு மருந்து மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த கிறீம்களும் விற்கப்படுகின்றன. இப்படியானவை கண்டபடி பயன்படுத்தப்பட்டதால் படர்தாமரை குணமாகாமல் பரவும் சிக்கல் இந்தியாவில் பெரிதானது. 2018இல் அங்கு பல ஸ்டீரொய்ட் களிம்புகளை வைத்தியரின் சீட்டு இன்றி விற்கக்கூடாது என்று விதி கொண்டுவரப்பட்டது.

வைத்தியர் பார்த்துத் தந்திருந்தால்

வைத்தியர் அந்த இடத்தைப் பார்த்து, நிபுணரிடம் போகும்வரை பூசச் சொல்லியிருந்தால் பயப்பட வேண்டாம். பெட்டிக்குள் இருக்கும் தாளில் “மறைவிடத்தில் பூச வேண்டாம்” என்று இருப்பதைப் படித்துவிட்டுப் பாதியில் நிறுத்துபவர்கள் உண்டு. அது பொதுவான எச்சரிக்கை. லைக்கன் ஸ்கிளிரோசஸுக்கு மிக வலுவான களிம்பையே வைத்தியர்கள் அங்கு பூசச் சொல்கிறார்கள்.

வழமையான முறை இது: முதல் 4 வாரம் தினமும் இரவில் ஒருமுறை, அடுத்த 4 வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், அதற்கடுத்த 4 வாரம் கிழமைக்கு இருமுறை. 30 கிராம் குழாய் ஒன்று இந்த மூன்று மாதத்துக்கும் போதும். அதைவிட விரைவில் முடிந்தால் கூடுதலாகப் பூசுகிறீர்கள் என்று பொருள். சுட்டுவிரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் அரைக் கிராம் வரும். அதுவே ஒரு தடவைக்கான உச்ச அளவு. உங்கள் வைத்தியர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

கிறீம் எரிந்தால் ஒயின்ட்மென்ட் கிடைக்குமா என்று கேளுங்கள். கிறீமில் சேர்க்கும் பதன்பொருட்கள் சிலருக்கு எரிவைத் தரும்.

இரண்டு, மூன்று வாரத்தில் எந்தச் சுகமும் இல்லையென்றால், அல்லது கூடினால், கிளினிக் திகதிவரை பொறுத்திருக்காமல் தந்த வைத்தியரிடமே திரும்பப் போங்கள்.

பயொப்சி என்று சொன்னால்

அனுபவமுள்ள வைத்தியர் பல வேளைகளில் பார்த்தே நோயைச் சொல்லிவிடுவார். சந்தேகம் இருந்தால், மருந்துக்கு அடங்காவிட்டால், அல்லது புண்ணோ தடிப்போ இருந்தால் பயொப்சி செய்வார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, சில மில்லிமீற்றர் அகலத் தோலை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள்.

களிம்பு பூசிக்கொண்டிருந்தால் அதன் முடிவு தெளிவில்லாமல் போகலாம். ஆகவே திகதி தரும்போதே “இந்தக் களிம்பைப் பூசுகிறேன், நிறுத்த வேண்டுமா, எத்தனை நாளுக்கு முன்?” என்று கேளுங்கள். குழாயைக் கையில் கொண்டுபோங்கள். எப்போது தொடங்கினீர்கள், எத்தனை நாள் பூசினீர்கள் என்பதை கிளினிக் கொப்பியில் எழுதிவையுங்கள். கடி அடங்கிவிட்டது என்பதற்காகத் திகதியைத் தவறவிட வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியவை

- நாளுக்கு ஒருமுறை வெறும் தண்ணீரால் கழுவுங்கள். சவர்க்காரம், டெற்றோல், கொதிநீர், மஞ்சள் பற்று வேண்டாம்.
- சலம் கழிக்கும்போது எரிந்தால் முன்னதாக மெல்லிதாக வாஸ்லின் பூசுங்கள்.
- பருத்தி உள்ளாடை அணியுங்கள். பிறர் கண்ணில் படக்கூடாதென்று வேறு துணிக்கு அடியில் ஈரமாக ஒளித்துக் காயவைக்காமல் வெயில் படவிடுங்கள்.
- நகத்தை ஒட்ட வெட்டுங்கள். சொறியச் சொறியத் தோல் தடித்து, கடி இன்னும் கூடும்.

காத்திருக்கக் கூடாதவை

ஆறாத புண், கட்டி, மாதவிடாய் அல்லாத இரத்தக்கசிவு, சலம் போக முடியாமை, காய்ச்சலோடு கூடிய வீக்கம், நீர்க்கொப்புளங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் களிம்பைப் பூசிப் பார்க்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். கர்ப்பிணிகளும், சிறுமிகளின் தாய்மாரும் வைத்தியரைக் கேட்காமல் எந்த ஸ்டீரொய்ட் களிம்பும் வாங்க வேண்டாம்.

எங்கே தொடங்குவது

வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் முதலில் சொல்லலாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் நடத்தும் சுகவனிதையர் கிளினிக்குகள் 35 வயதைத் தாண்டிய பெண்களுக்காக 1996 முதல் நாடெங்கும் நடந்துவருகின்றன. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனையோடு இரத்த அழுத்தமும் சீனியும் அங்கே இலவசமாகப் பார்க்கப்படும். தோல் நோய் நிபுணருக்கோ பெண்நோயியல் நிபுணருக்கோ கடிதம் வாங்க மூதூர் ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கும் போகலாம்.

போர்க்காலத்தில் உடலின்மேல் வன்முறையை அனுபவித்தவர்களுக்கு இந்தப் பரிசோதனையே பெரும் அச்சமாக இருக்கலாம். பெண் வைத்தியர் இருக்கிறாரா என்று கேட்கலாம். தாதியையோ, உங்களோடு வந்த சகோதரியையோ பக்கத்தில் நிற்கச் சொல்லலாம். நடுவில் “நிறுத்துங்கள்” என்று சொல்லலாம். காரணத்தை விளக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. தமிழில் விளங்கும்படி சொல்லுமாறு கேட்பதும் உங்கள் உரிமை.

பல ஆண்டு தாங்கிய கடியாக இருந்தாலும் அதற்கு ஒரு பெயரும் சிகிச்சையும் இருக்கிறது. களிம்பு கொஞ்ச நாள் நித்திரையைத் தரும். அந்த நாட்களுக்குள் கிளினிக்குக்குத் திகதி எடுத்துவிடுங்கள்.