சக்கரம் உந்திய வேகம்

வேகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் எண்களை அடுக்கிவிட்டு நின்றுவிடுகின்றனர். இந்த ஆண்டு இத்தனை மைல், அடுத்த ஆண்டு அதைவிட இத்தனை மைல் என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. அந்த எண்களுக்கு அடியில் நீண்டகாலம் நடந்த ஒரு வழக்கை நாம் கவனிப்பதில்லை. ஒரு வண்டியின் வேகத்தைத் தீர்மானிப்பது அதன் எஞ்சினின் பருமனா, உடலின் வடிவமா என்பதே அவ்வழக்கு. காற்று வழுக்கிச் செல்லும்படி முழு உடலையும் மூடிக் கட்டப்பட்ட ‘ஸ்ட்ரீம்லைனர்’ கார்கள் அதன் சாட்சிகள்.

தொடக்கத்தில் பருமனே வென்றது. முதல் உலகப்போருக்குப் பின் விமான எஞ்சின்களைத் தரையில் ஓடும் வண்டிகளில் பொருத்திப் பார்க்கத் துணிந்தவர்கள் பலர். 1927 மார்ச் 3 அன்று வேல்ஸ் நாட்டின் பெண்டைன் மணற்கரையில், 27 லிட்டர் விமான எஞ்சின் பூட்டிய ‘பேப்ஸ்’ என்ற காரை ஓட்டிய பாரி-தாமஸ் விபத்தில் உயிரிழந்தார். காரை அந்த மணலிலேயே புதைத்தனர். 1969இல்தான் அது மீண்டும் தோண்டியெடுக்கப்பட்டது. அவர் இறந்த அதே மாதம் 29ஆம் நாள், ஃபுளோரிடாவின் டேடோனா கடற்கரையில் ஹென்றி சீகிரேவ் இரண்டு விமான எஞ்சின்கள் கொண்ட சன்பீம் காரில் மணிக்கு 203.79 மைல் வேகத்தை எட்டினார்.

ஆனால் காற்று எளிதில் வழிவிடுவதில்லை. வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. அதை வெல்லத் தேவைப்படும் திறனோ எட்டு மடங்கு. எஞ்சினை மட்டும் பெருக்கிக்கொண்டே போகிறவன் ஓரிடத்தில் தோற்றாக வேண்டும். பெரிய எஞ்சினுக்குப் பெரிய உடல் வேண்டும். பெரிய உடல் இன்னும் அதிகக் காற்றைத் தள்ள வேண்டும்.

இவ்வுண்மை வெளிப்பட்ட களம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள பான்வில் உப்புவெளி. வற்றிப்போன ஆதி ஏரியொன்றின் எச்சமான அவ்வெண்தரையில், 1938ஆம் ஆண்டு இரண்டு ஆங்கிலேயர் மோதிக்கொண்டனர். ஜார்ஜ் ஐஸ்டனின் ‘தண்டர்போல்ட்’ காரில் இரண்டு ரோல்ஸ்ராய்ஸ் எஞ்சின்கள். மொத்தக் கொள்ளளவு 73 லிட்டர், எடை ஏறத்தாழ ஏழு டன். ஜான் காப்பின் காரை வடிவமைத்தவர் ரீட் ரெயில்டன். அதன் இரண்டு நேப்பியர் எஞ்சின்களின் திறன் ஐஸ்டனுடையவற்றில் பாதியளவே. எடையும் பாதிக்குக் குறைவு. ஓட்டுநரை மூக்கின் நுனியில் அமர்த்தி, முழு வண்டியையும் ஒரே அலுமினிய ஓட்டால் மூடியிருந்தார் ரெயில்டன். எஞ்சின்களைக் குளிர்விக்க, காற்றைத் தடுக்கும் ரேடியேட்டருக்குப் பதிலாகப் பனிக்கட்டித் தொட்டியொன்றை வைத்தார்.

செப்டம்பர் 15 அன்று காப் 350.2 மைல் ஓடினார். மறுநாளே ஐஸ்டன் 357.5 மைல் ஓடிச் சாதனையை மீட்டுக்கொண்டார். 1939 ஆகஸ்ட் 23 அன்று காப் 369.7 மைலை எட்டியபோது, போர் மூள்வதற்குச் சில நாட்களே இருந்தன. போருக்குப்பின் 1947இல் அதே காரை எடுத்துவந்து, ஒரு திசையில் 400 மைலைக் கடந்தார். இருதிசைச் சராசரி 394.19. வழக்கில் வடிவம் வென்றுவிட்டதென்றே நாம் கொள்ளலாம். காப் 1952இல் லாக் நெஸ் ஏரியில் படகு வேகச் சாதனைக்கு முயன்றபோது இறந்தார்.

இங்கே ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் இரு திசைகளிலும் ஓடினால்தான் சாதனை, சராசரியே கணக்கு. சாதகமான காற்றின் தயவில் எவரும் வென்றுவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட விதி இது. 1960 செப்டம்பர் 9 அன்று கலிபோர்னியாவின் மிக்கி தாம்சன், நான்கு பான்டியாக் எஞ்சின்கள் பூட்டிய ‘சேலஞ்சர்’ காரில் 406.6 மைல் ஓடினார். திரும்பும் ஓட்டத்தில் இயந்திரக் கோளாறு. காப்பை முந்தியும் ஏட்டில் இடமில்லாமல் போனார்.

அதற்குள் ஜெட் கார்கள் வந்துவிட்டன. அவற்றின் சக்கரங்களுக்கு உந்தும் வேலை இல்லை. அவை வெறுமனே உருள்பவை. 1965 நவம்பர் 7இல் ஆர்ட் ஆர்ஃபன்ஸ் ஜெட் காரில் 576 மைலைத் தொட்டார். ஐந்து நாள் கழித்து, அதே உப்புவெளியில் பாப் சம்மர்ஸ் ‘கோல்டன்ராட்’ காரை ஓட்டினார். அவரும் அண்ணன்தம்பி உறவுடைய பில் சம்மர்ஸும் கட்டிய அக்கார் 32 அடி நீளமும் நான்கடி அகலமும் மட்டுமே உடைய பொன்னிற ஊசி. நான்கு கிறைஸ்லர் எஞ்சின்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் வைத்ததால்தான் அந்த ஒடுக்கம் கைகூடியது. பருமனும் வடிவமும் அங்கே சமாதானமாயின. சராசரி 409.277 மைல். மூன்றே நாளில், நவம்பர் 15 அன்று, கிரெய்க் பிரீட்லவ் ஜெட் காரில் 600 மைலைக் கடந்தார்.

பந்தயம் முடிந்துவிட்டதெனத் தெரிந்தபின்னும் சம்மர்ஸ் சகோதரர்கள் ஏன் ஓடினார்கள்? வேகம் மட்டுமே குறிக்கோளாயிருந்தால் அவர்களும் ஒரு பழைய ஜெட் எஞ்சினை வாங்கியிருக்கலாம். சக்கரம் தரையைப் பற்றி, தன் பிடியினாலேயே முன்னேற வேண்டும் என்ற வரம்பைத் தாமே விரும்பி ஏற்றுக்கொண்டனர் என்றே நமக்குத் தோன்றுகிறது. வரம்பு இருந்தால்தான் கலை என்பது யாப்பறிந்தவர்க்குப் புதிதன்று.

அந்த வரம்புக்குள் கோல்டன்ராட்டின் எண் 26 ஆண்டுகள் நின்றது. 1991இல் ஆல் டீக் ஒரே எஞ்சினோடு வந்து, 409.986 மைல் ஓடி, ஒரு மைலுக்கும் குறைவான வித்தியாசத்தில் அதை முறியடித்தார். 2018 ஆகஸ்டில், மிக்கி தாம்சன் 1968இல் கட்டிய இரண்டாம் ‘சேலஞ்சர்’ காரைப் புதுப்பித்த அவர் மகன் டேனி, இரு திசைகளிலும் ஓடி 448.757 மைல் சராசரி பெற்றார். தந்தை 1988இலேயே கொலையுண்டிருந்தார். 58 ஆண்டுகளுக்கு முன் பாதியில் நின்ற திரும்பும் ஓட்டம் ஒருவாறு நிறைவுற்றது.

கோல்டன்ராட் இன்று டியர்பார்னிலுள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது ஓடிய உப்புத்தரைக்கு அப்படியொரு காப்பிடம் இல்லை. அது மெலிந்துகொண்டே வருகிறது. 2014இலும் 2015இலும் தரை ஒத்துழைக்காததால் அங்கே நிகழும் ஆண்டுப் பந்தய வாரமே கைவிடப்பட்டது. தரையைப் பற்றியே முன்னேறுவோம் என்று அடம்பிடித்த கார்களின் வரலாறு, கடைசியில் தரையைப் பற்றிய கவலையில் வந்து நிற்கிறது.