நாமும் நாங்களும்: விளையாட்டு, நாட்டுணர்வு, அன்றாடப் பேச்சு – பத்து பாகாட் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

தமிழில் தன்மைப் பன்மை இருவகைப்படும். கேட்போரையும் உளப்படுத்தி ‘நாம்’ என்கிறோம். அவரை விலக்கி ‘நாங்கள்’ என்கிறோம். இலக்கண ஆசிரியர்கள் நெடுங்காலத்திற்கு முன்பே வகுத்துக் காட்டிய இவ்வேறுபாடு மலாய் மொழியிலும் ‘கீத்தா’, ‘காமி’ என்னும் இரு சொற்களாக உயிருடன் உள்ளது. ஆகவே, தமிழர் ஒருவரும் மலாய்க்காரர் ஒருவரும் காப்பிக்கடையில் அமர்ந்து முதல்நாள் நடந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது, இருவரும் தம்மை அறியாமலேயே ஒரு தேர்வைச் செய்தாக வேண்டியுள்ளது. ‘கீத்தா மெனாங்’ என்று சொல்லும் தமிழர் தம்மையும் எதிரே இருப்பவரையும் ஒரே அணியில் சேர்த்துவிடுகிறார். அவ்வாறு சேர்த்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டா என்னும் வினா, மலேசியத் தமிழர் வரலாற்றில் அரசியல் மேடையில் எழுந்ததைவிட விளையாட்டுப் பேச்சில் மிகுதியாக எழுந்தது எனலாம். அதற்கான காரணத்தையும் அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதையும் பத்து பாகாட் வட்டாரத்தை மையமாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பத்து பாகாட் என்றால் உளியால் செதுக்கிய பாறை என்பது பொருள். ஜொகூரின் மேற்குக் கரையில் அமைந்த இவ்வூரின் மலாய்க்காரருள் சாவக வழியினர் பெருந்தொகையினர். கடைத்தெருவில் சீனர் மிகுதி. தமிழர் எண்ணிக்கையில் சிறுபான்மையினர். அவர்களுள் பெரும்பாலோர் யோங் பெங் போன்ற உட்பகுதிகளின் இரப்பர்த் தோட்டங்களோடு தொடர்புடையவர்கள். இனங்களுக்கிடையிலான மோதல் என்பது இங்குள்ளோருக்குச் செய்தித்தாளில் படித்தறிந்த ஒன்றன்று. 1945இல் சப்பானியர் சரணடைந்த காலத்தில், மலாயா மக்கள் சப்பானிய எதிர்ப்புப் படையினருக்கும் சிம்பாங் கிரியைச் சேர்ந்த கியாய் சாலேயின் தலைமையில் திரண்ட மலாய்க்காரர்களுக்கும் இடையே இவ்வட்டாரத்தில் கடும் மோதல் மூண்டது. அப்போது மாவட்ட அதிகாரியாக இருந்து அதனைத் தணிக்கப் பாடுபட்டவர் டத்தோ ஓன் ஜாபார். அடுத்த ஆண்டிலேயே அவர் அம்னோவைத் தோற்றுவித்தார். தோட்டத் தமிழரோ, அக்காலத்தில் சயாம் மரண இரயில் பாதைக்குச் சென்றவர் திரும்புவாரா மாட்டாரா என்று வழிபார்த்திருந்தனர். டத்தோ ஓனின் மகனும் இவ்வரலாற்றில் மீண்டும் வருவார்.

பேசக்கூடாதவையும் பேசக்கூடியவையும்

1957 ஆகஸ்டில் மெர்டேக்கா அரங்கு திறக்கப்பட்டது. அதே ஆண்டில் மெர்டேக்கா காற்பந்துப் போட்டியும் தொடங்கியது. நாடும் அரங்கும் போட்டியும் ஒரே நேரத்தில் பிறந்தன. ஆனால் அந்நாட்டின் குடிமக்கள் யார் என்பது அவ்வளவு எளிதில் தீரவில்லை. சுதந்திர நாளிலும் அதற்குப் பின்னும் இங்குப் பிறந்தோர் பிறப்பாலேயே குடிமக்களாயினர். 1962ஆம் ஆண்டுத் திருத்தம் பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தர வசிப்பாளராகவோ இருக்க வேண்டும் என்று அதனைச் சுருக்கியது. அதற்கு முன் பிறந்தோரில் பலர் விண்ணப்பித்துப் பெற வேண்டியிருந்தது. மலாய்மொழித் தேர்விலிருந்து ஓராண்டுக்கு விலக்கு அளிக்கப்பட்டும், எழுத்தறியாத தோட்டத் தொழிலாளர் பலர் அவ்வாய்ப்பைத் தவறவிட்டனர். விளைவு 1969இல் தெரிந்தது. குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்னும் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, ஏறத்தாழ 60,000 இந்தியர் நாட்டைவிட்டுச் சென்றனர் என்பது ஆய்வாளர் கணக்கு. எஞ்சியோரில் பலர் கையில் சிவப்பு அடையாள அட்டையே இருந்தது.

மே 13 கலவரத்திற்குப் பின் நிகழ்ந்த மற்றொரு மாற்றம் நம் பொருளுக்கு இன்றியமையாதது. 1971ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் குடியுரிமை, தேசிய மொழி, மலாய்க்காரரின் சிறப்பு நிலை, ஆட்சியாளரின் இறைமை ஆகியவற்றைப் பொதுவில் கேள்விக்குள்ளாக்குவதைத் தடுத்தது. இத்தடை நாடாளுமன்றத்தையும் விட்டுவைக்கவில்லை. சட்டம் மேடைப் பேச்சைத்தான் கட்டுப்படுத்தியது என்றாலும், அதன் நிழல் ஒட்டுக்கடை வரை நீண்டது. இந்த நாடு யாருக்கு உரியது என்று கேட்க இயலாதவர், இந்த அணி யாருக்கு உரியது என்று கேட்கலாம். இன்னின்னார் ஏன் அணியில் சேர்க்கப்படவில்லை என்று உரக்கவே வாதிடலாம். அரசியல் பேச்சுக்கு அடைக்கப்பட்ட வழி விளையாட்டுப் பேச்சில் திறந்துகொண்டது என்பதே என் கருத்து. இதற்கு ஆவணச் சான்று தேடுவது கடினம். காப்பிக்கடைப் பேச்சை எவரும் கோப்பில் வைப்பதில்லை. எனினும் அப்பேச்சுக்குப் பொருளாக அமைந்த நிகழ்வுகள் நம்முன் உள்ளன.

1972இல் மூனிக் ஒலிம்பிக்கிற்குத் தகுதிபெற்ற மலேசியக் காற்பந்து அணியின் தலைவர் எம். சந்திரன். குடியுரிமைச் சிக்கலால் குடும்பங்கள் கப்பலேறிப் பிரிந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில், நாட்டின் அணிக்கு ஒரு தமிழர் தலைமை ஏற்றிருந்தார் என்பதன் எடையை இன்று உணர்வது எளிதன்று. ‘நம்ம சந்திரன்’ என்ற தொடரில் உள்ள ‘நம்ம’ தமிழரை மட்டும் குறித்ததா, மலேசியர் அனைவரையும் குறித்ததா என்பது பேசுவோரைப் பொறுத்தும் அருகிலிருந்து கேட்போரைப் பொறுத்தும் மாறியது.

1975 மார்ச்சில் கோலாலம்பூரில் நடைபெற்ற உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டி இன்னும் கூர்மையான சோதனையாயிற்று. அரையிறுதியில் மலேசியாவும் இந்தியாவும் மோதின. 2–1 என முன்னணியில் இருந்த மலேசியா, ஆட்டம் முடியும் தறுவாயில் அஸ்லாம் ஷேர் கான் அடித்த கோலால் சமநிலைக்கு வந்து, கூடுதல் நேரத்தில் 2–3 எனத் தோற்றது. மலேசிய அணியிலும் ஸ்ரீ சண்முகநாதன் போன்ற தமிழர் ஆடினர். அன்று யாருக்காகக் கைதட்டினீர் என்பது தமிழரிடம் விளையாட்டாகவும் சில வேளை உள்நோக்கத்தோடும் கேட்கப்பட்ட வினா. இந்தியாவிலிருந்து வந்த முதல் தலைமுறையினர் சிலர் இந்தியாவின் வெற்றியில் மகிழ்ந்திருக்கலாம், அதில் வியப்பில்லை. மலேசியா தோற்றதற்காகக் கலங்கியவர்களிடமும் அதே வினா கேட்கப்பட்டதுதான் கொடுமை.

1980: வென்றும் செல்லாத அணி

1980 ஏப்ரல் 6ஆம் நாள் மெர்டேக்கா அரங்கில் மலேசியா தென்கொரியாவை 2–1 என வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதிபெற்றது. ஹசான் சானி கடத்திய பந்தை ஜேம்ஸ் வோங் வெற்றிக் கோலாக்கினார்; இருவரும் நாட்டின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்தவர்கள். தற்காப்பில் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் நின்றனர். கோல் கம்பங்களுக்கிடையே நீண்ட கைகளுடன் நின்ற ஆர். ஆறுமுகத்தை இரசிகர்கள் ‘ஸ்பைடர்மேன்’ என்றழைத்தனர். மலாய்க்காரர், சீனர், சீக்கியர், தமிழர், கிழக்கு மலேசியர் என இவ்வணியின் பெயர்ப் பட்டியலே ‘நாம்’ என்னும் சொல்லுக்கு விளக்கவுரை போல் அமைந்தது.

அவ்வணி மாஸ்கோவுக்குச் செல்லவில்லை. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்துப் புறக்கணித்த நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. அப்போதைய பிரதமர் துன் உசேன் ஓன், முன்னர்க் குறிப்பிட்ட டத்தோ ஓன் ஜாபாரின் மகன். 1974 முதல் ஸ்ரீ காடிங் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். ஸ்ரீ காடிங் பத்து பாகாட் மாவட்டத்தில் உள்ளது. ஆக, நாட்டின் வெளியுறவு நிலைப்பாடு தலைநகரில் முடிவானபோது, அதற்குத் தலைமை தாங்கியவர் இவ்வட்டாரத்தின் வாக்காளர்கள் தேர்ந்தெடுத்தவரே.

அம்முடிவைக் குறைகூறுவது எளிது. நியாயமாக நோக்குவது வேறு. இசுலாமிய நாடுகளின் கண்டனம் ஒருபுறம். வியட்நாம் கம்போடியாவுக்குள் புகுந்ததும், அதற்குச் சோவியத் ஆதரவு இருந்ததும், கிழக்குக் கரையில் அகதிப் படகுகள் வந்து சேர்ந்ததும் மறுபுறம். இந்தோனேசியாவும் சிங்கப்பூரும்கூடப் புறக்கணித்தன. ஆனால் அரசின் இவ்விளக்கங்கள் அன்றாடப் பேச்சில் நிலைபெறவில்லை. அங்கு நிலைத்தது ஓர் இழப்புணர்வு மட்டுமே. ‘போயிருந்தால் பதக்கம்’ என்று இன்றும் சொல்வோர் உளர். மூனிக்கில் அமெரிக்காவை 3–0 என வென்ற அதே மலேசியா மொரோக்கோவிடம் 0–6 எனத் தோற்றதை நினைவில் கொண்டால், இந்நம்பிக்கை சற்று மிகையானதே. எனினும் வரலாற்றாய்வாளனுக்கு அந்த மிகையும் ஒரு தரவுதான். எல்லா இனத்தவரும் ஒருமித்து ‘கீத்தா’ என்று துக்கம் கொண்டாடக் கிடைத்த நிகழ்வு அது. வெற்றியைப் பங்கிடும்போது ஆறுமுகம் யாருடையவர் என்னும் வழக்கு எழலாம். பறிபோனதைப் பங்கிட எவரும் வழக்காடுவதில்லை.

மாஸ்கோவில் மலேசியாவின் இடத்தில் காற்பந்து ஆடியது ஈராக். முசுலிம் நாடொன்றுக்காக மலேசியா விட்டுக்கொடுத்த இடத்தில் மற்றொரு முசுலிம் நாடு ஆடி, காலிறுதி வரை சென்றது. அதே மாஸ்கோவில் இந்திய ஹாக்கி அணி ஸ்பெயினை 4–3 என வென்று தங்கம் பெற்றது. அவ்வணியின் தலைவர் தமிழகத்தைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன். மலேசியத் தமிழர் ஒருவருக்கு அவ்வாண்டில் இரண்டு ‘நம்மவர்’ கிடைத்தனர்: செல்லாத அணியின் கோல்காவலர் ஒருவர், சென்று வென்ற அணியின் தலைவர் ஒருவர். இருவரையும் ஒரே சொல்லால் அழைத்தது அவர்தம் நாட்டுப்பற்றின் குறைபாடு என்று கருதியோர் இருந்தனர். மொழியுறவையும் குடியுறவையும் ஒன்றெனக் கொண்ட பிழை அது. ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தில் மறைந்தார். 2016இல் வெளிவந்த ‘ஓலா போலா’ திரைப்படம் அவ்வணியின் கதையைக் கற்பனைப் பெயர்களில் மீட்டெடுத்தபோது, 1980இல் பிறந்தேயிராத இளைஞர்கள் அத்துக்கத்தைத் தம்முடையதாகப் பேசத் தொடங்கினர்.

சாவகமும் தமிழகமும்

தமிழரிடம் இந்தியாவைக் காட்டிக் கேட்கப்பட்ட வினா, பத்து பாகாட்டின் சாவக வழியினரிடம் இந்தோனேசியாவைக் காட்டிக் கேட்கப்பட்டதா? 1963 முதல் 1966 வரை இந்தோனேசியா மலேசியாவுக்கு எதிராக மோதல் கொள்கையைக் கடைப்பிடித்தது. 1964 ஆகஸ்டில் அதன் படையினர் பத்து பாகாட்டிற்குத் தெற்கே பொந்தியான் கரையில் இறங்கினர். செப்டம்பரில் லாபிசில் வான்குடையில் இறங்கினர். எதிரி தம் பாட்டனாரின் மொழியைப் பேசியபோதும் இங்குள்ள சாவக வழியினர் மலேசியராகவே கொள்ளப்பட்டனர். அது சரியானதே. அந்த நம்பிக்கை மற்றவருக்கும் அதே அளவில் நீட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதே ஈண்டு எழும் கேள்வி.

2010 டிசம்பரில் தென்கிழக்காசியக் கிண்ண இறுதியாட்டத்தில் பழைய மோதல் வேறு வடிவில் திரும்பியது. புக்கிட் ஜாலிலில் மலேசியா 3–0 என வென்றது. ஜகார்த்தாவில் 1–2 எனத் தோற்றும் மொத்தக் கணக்கில் 4–2 எனக் கிண்ணத்தை வென்றது. 1960களின் முழக்கங்கள் மீண்டும் காதில் விழுந்தன. மலேசிய அணியின் பயிற்றுநர் கே. ராஜகோபால். சாவகச் சமையலான நாசி அம்பெங் விற்கும் கடையில் அமர்ந்து, சாவக வழியினரும் தமிழரும் ஒரு தமிழர் பயிற்றுவித்த அணியை இந்தோனேசியாவுக்கு எதிராக ஊக்குவித்த அவ்விரவில், ‘கீத்தா’ என்னும் சொல்லுக்கு எவரும் விளக்கம் கேட்டிருக்க மாட்டார்.

அண்மைய நிகழ்வொன்று இப்பேச்சை மீண்டும் ஆவணங்களின் பக்கம் திருப்பியுள்ளது. 2025 ஜூன் 10ஆம் நாள் மலேசியா வியட்நாமை 4–0 என வென்றது. செப்டம்பரில் ஃபிஃபா, புதிதாகச் சேர்க்கப்பட்ட ஏழு ஆட்டக்காரர்களின் மலேசிய வழித்தோன்றலைக் காட்டும் ஆவணங்கள் போலியானவை என்று முடிவுசெய்து தண்டம் விதித்தது. நவம்பரில் மேல்முறையீட்டையும் தள்ளுபடி செய்தது. அவர்களின் பாட்டன் பாட்டியர் பிறந்த இடங்களாக மூல ஆவணங்களில் இருந்தவை அர்ஜென்டினா, பிரேசில், நெதர்லாந்து, ஸ்பெயின் ஆகிய நாடுகள் என்று ஃபிஃபாவின் விளக்க அறிக்கை கூறியது. தோட்டத்து வீட்டில் மருத்துவச்சியின் கையில் பிறந்து, பிறப்பைப் பதிவுசெய்யத் தவறியதால் வாழ்நாள் முழுதும் சிவப்பு அட்டையோடு பதிவிலாகா முகப்பில் வரிசையில் நின்ற தமிழ்ப் பாட்டியரின் பேரப்பிள்ளைகள் இச்செய்தியைப் படித்தனர்.